பூட்டுத் தொழிலாளியின் மகன் தந்த மின்விதி

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் நம் பிள்ளைகள் 'ஓம் விதி' என்று ஒன்றைப் படிக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறு எதையோ நினைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அது ஒரு ஜெர்மானிய ஆசிரியரின் குடும்பப் பெயர். அவர் ஜார்ஜ் சைமன் ஓம்.

ஓம் 1789 மார்ச் 16 அன்று எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை யோஹான் பூட்டுத் தொழிலாளி. தாய் தையற்காரர் ஒருவரின் மகள். ஏழு குழந்தைகளில் மூவரே தங்கினர். ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது தாயும் இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத தந்தை, தானே நூல்களைப் படித்துக் கணிதமும் அறிவியலும் கற்றவர். பட்டறை வேலைக்கு நடுவே தன் மகன்கள் ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் அவரே பாடம் சொல்லிக் கொடுத்தார். இருவருமே பின்னாளில் பேராசிரியர்கள் ஆனார்கள்.

1805இல் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர் நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைக் கழித்தார். தனக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணடிப்பதைத் தந்தையால் பொறுக்க முடியவில்லை. மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்தி, ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே பள்ளியில் கணிதம் கற்பித்தபடியே ஜார்ஜ் தானாகப் படித்தார். 1811இல் ஊர் திரும்பி முனைவர் பட்டமும் பெற்றார். தந்தையின் கண்டிப்பு வீண்போகவில்லை.

பட்டம் கிடைத்தும் நல்ல வேலை கிடைக்கவில்லை. சிறு பள்ளிகளில் குறைந்த சம்பளத்தில் காலம் ஓடியது. 1817இல் அவர் எழுதிய வடிவியல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியர் பணி கிடைத்தது. அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பட்டறையில் தந்தையிடம் பழகிய கை, தேவையான கருவிகளைத் தானே செய்துகொண்டது.

கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1825இல் வெளியிட்ட முதல் கட்டுரையில் அவர் தந்த சூத்திரம் தவறாக இருந்தது. அக்காலத்து மின்கலங்களின் வலு, மின்சாரம் எடுக்க எடுக்கத் தளர்ந்துபோகும். மூலமே நிலையாக இல்லாதபோது அளவு எப்படிச் சரியாக வரும்? போகன்டார்ஃப் என்ற அறிஞரின் யோசனைப்படி ஓம் மின்கலத்தை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்த வெப்ப மின்னிரட்டையை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். இரண்டின் வெப்பநிலையும் மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். 1826இல் சரியான விதி கிடைத்தது. தன் பழைய சூத்திரத்தைத் தானே கைவிட்டார்.

அந்த விதி எளிமையானது. மின்னழுத்தம் தள்ளும் விசை போன்றது. அதன் அளவு வோல்ட். பாய்வது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பி காட்டும் மின்தடை கிடைக்கும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுத்தால், அதன் தடை 46 ஓம். அதே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மின்திறன் வரும்: 1150 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் 1.15 யூனிட். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் ஹீட்டர் போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மோட்டார் உள்ள மின்விசிறிக்கு இதில் சிறிது வேறுபாடு வரும்.

1841இல் ஜூல் என்ற ஆங்கிலேயர் இன்னொன்றை வெளியிட்டார். கம்பியில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 5 ஆம்பியருக்குப் போட்ட மெல்லிய வயரில், இஸ்திரிப் பெட்டியோடு 10 ஆம்பியர் ஹீட்டரையும் சேர்த்து மாட்டினால் ஓட்டம் 15 ஆம்பியர். ஓட்டம் மூன்று மடங்குதான், சூடோ ஒன்பது மடங்கு. எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் உருகித் தீப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே பிளக்கில் பலவற்றை மாட்டும் நாம் இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

1827இல் ஓம் தன் ஆய்வுகளைக் கணித முறையில் நூலாக்கி பெர்லினில் வெளியிட்டார். அதைக் கொண்டு பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று நம்பினார். நடந்தது வேறு. இயற்கையை எண்களால் விளக்குவதை அன்றைய ஜெர்மானிய அறிஞர் பலர் ஏற்கவில்லை. நூலைக் கடுமையாகக் கண்டித்தவர்களும் இருந்தனர். மனம் நொந்த ஓம் கொலோன் பணியை விட்டு விலகினார். பெர்லினில் இராணுவப் பள்ளி ஒன்றில் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் நடத்திப் பிழைத்தார். 1833இல்தான் நூரம்பெர்க் தொழிற்கல்லூரியில் நிலையான பதவி கிடைத்தது.

முதல் பெரிய மரியாதை அயல்நாட்டிலிருந்தே வந்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி தனது உயரிய காப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. இளமையிலிருந்து அவர் ஏங்கிய பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி, மியூனிக் நகரில் 1852இல் கிடைத்தது. அப்போது வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6 அன்று காலமானார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே ஏற்றுக்கொண்டது.

இந்த வாழ்க்கையில் நம் கண்ணில் நிற்பவர் அந்தத் தந்தையும்தான். கையில் பட்டமில்லை, பையில் பணமில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார், மகன் தடம் மாறியபோது தயங்காமல் கண்டித்தார். கூலி வேலை செய்யும் பெற்றோர், தமக்குப் படிப்பு வராது என்று சொல்லிப் பிள்ளையின் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட வேண்டாம். இன்றிரவு அந்த அறிவியல் பாடத்தை எடுத்து, வீட்டு ஹீட்டரின் மேல் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து, அது எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்று பிள்ளையோடு சேர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள்.