ஆசி மொழியும் தலைவர்

அமெரிக்கச் செவ்விந்தியத் தலைவர் என்றவுடன், குதிரை மேல் ஈட்டியுடன் பாயும் வீரரே நம் கண்முன் தோன்றுவார். திரைப்படங்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. நான் இங்கே எழுதப் போகும் பார்போன்சிட்டோவும் போர் செய்தவர்தாம். 1860-ஆம் ஆண்டு மனுவலிட்டோ என்னும் தலைவருடன் சேர்ந்து, சுமார் ஆயிரம் வீரரோடு டிஃபையன்ஸ் கோட்டையைத் தாக்கியவர் அவர். ஆயினும் அவருடைய மக்களாகிய நவஹோக்கள் அவருக்கு இட்ட பெயர்களுள் ஒன்று, ஆசி மொழிபவர் என்று பொருள்படும். 'குட்டித் தாடிக்காரர்' என்று பொருள்படும் பார்போன்சிட்டோ என்பதோ ஸ்பானியர் மொழியில் வழங்கிய பட்டப்பெயர். அவர் சடங்குப் பாடல்களைக் கற்றுத் தேர்ந்த பாடகர்.

அவர் 1820-ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய அரிசோனா மாநிலத்தில் உள்ள டி ஷே பள்ளத்தாக்கில் பிறந்தார். நவஹோக்களின் வீட்டுக்கு ஹோகன் என்று பெயர். பழைய ஹோகனில் கவையுள்ள மூன்று பெருமரங்கள் தெற்கிலும் மேற்கிலும் வடக்கிலும் ஊன்றப்பட்டு, உச்சியில் ஒன்றையொன்று பற்றி நிற்கும். கிழக்கே வாயிலுக்கு இரண்டு மரங்கள். மேலே மண் பூச்சு. கட்டி முடித்ததும் யாரும் சட்டென்று குடியேறிவிடுவதில்லை. வீட்டுத் தலைவர் வெள்ளை மக்காச்சோள மாவை அந்த மரங்கள் ஒவ்வொன்றிலும் கதிரவன் சுற்றும் வழியிலேயே தடவி வருவார். வீட்டுப் பெண் அடுப்பு மூட்டி நெருப்பிலும் மாவு தூவுவாள். பிறகு ஆசிப் பாடல்கள். முதல் ஹோகன் எப்படி உண்டாயிற்று என்பதையே அப்பாடல்கள் கூறும். நான்கு புனித மலைகளுக்கு நடுவே உள்ள தங்கள் நாடு முழுவதுமே ஒரு பெரிய ஹோகன் என்றும், அம்மலைகளே அதன் தூண்கள் என்றும் அவர்கள் நம்பினர். இந்த நம்பிக்கையை மனத்தில் கொள்ளாவிட்டால் பார்போன்சிட்டோவின் வாழ்க்கை நமக்கு விளங்காது.

1863-இல் அமெரிக்கப் படை வந்தது. வயல்கள் எரிந்தன, பள்ளத்தாக்கின் பீச் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. பசியால் சரணடைந்த மக்களை முந்நூறு மைலுக்கு மேல் நடத்தி, பாஸ்க் ரெடோண்டோ என்னும் பொட்டல் வெளிக்குக் கொண்டு சென்றனர். அங்கே ஆற்றுநீர் உவர். பயிரைப் புழு தின்றது. விறகுக்கு வேர்களைத் தோண்ட வேண்டியிருந்தது. படையினர் களிமண் வீடுகளை வரிசையாகக் கட்டித் தர முன்வந்தனர். நவஹோக்களோ மறுத்தனர். நன்றி கெட்ட மக்கள் என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஒருவர் இறந்த வீட்டில் நவஹோக்கள் பிறகு வசிப்பதில்லை. நாள்தோறும் சாவு விழுந்த அந்த முகாமில், ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? நான்கு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர் என்று கணக்கிடுகின்றனர்.

பார்போன்சிட்டோ 1865-இல் தப்பியோடி, அடுத்த ஆண்டு மீண்டும் சரணடைந்தார். 1868-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தளபதி ஷெர்மன் பேச்சு நடத்த வந்தார். அதற்கு முன் பார்போன்சிட்டோ ஒரு சடங்கு செய்தார் என்பது நவஹோக்களின் வாய்மொழி வரலாறு. மக்கள் வட்டமாக நின்று ஒரு கயோட்டியை, அதாவது அந்நாட்டு நரியை, வளைத்தனர். அவர் அதன் வாயில் ஒரு வெண்சங்கு மணியை வைத்தார். விடுபட்ட நரி மெல்ல மேற்கு நோக்கி நடந்தது. வீடு இருந்த திசை அது!

ஷெர்மன் கிழக்கே வேறொரு நிலம் தருவதாகச் சொன்னார். மலைகளுக்கும் ஆறுகளுக்கும் அப்பால் வாழும்படி தம் மக்கள் படைக்கப்படவில்லை, வேறெங்கும் போகமாட்டோம் என்று பார்போன்சிட்டோ மறுத்தார். அவர் பேசியது முதலில் ஸ்பானியத்துக்கும் பிறகு ஆங்கிலத்துக்கும் போயிற்று. இரண்டு மொழிகளைக் கடந்தும் அந்தச் சொல் தளபதியின் மனத்தைத் தொட்டது என்பதை நான் பெரும் வியப்பாகவே கருதுகிறேன்.

ஜூன் 1-ஆம் நாள் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தலைவர்கள் தம் பெயர்களுக்கு எதிரே குறியிட்டனர். கிடைத்த நிலத்துக்குள் நான்கு மலைகளுள் ஒன்றுகூட அடங்கவில்லை. டி ஷே பள்ளத்தாக்கு மட்டும் அடங்கியது. ஜூன் 18-இல் மக்கள் புறப்பட்டனர். தொலைவில் டெய்லர் மலை, அவர்களுடைய தெற்குத் தூண், தெரிந்ததும் முதியவர்கள் அழுதார்களாம்.

பார்போன்சிட்டோ 1871-இல் தாம் பிறந்த பள்ளத்தாக்கிலேயே காலமானார். ஊர் திரும்பிய மக்கள் அதற்குள் கிழக்கு வாயில் வைத்துப் புதிய ஹோகன்களைக் கட்டி, மரங்களில் மாவு தடவத் தொடங்கியிருந்தனர்.