உலகத்துப் பிள்ளைகளை ஆட வைத்த மெக்கானிக்

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையைத் தெரியாத தமிழர் இல்லை. அடிப்பாகம் உருண்டை. கனம் முழுவதும் அங்கே. எந்தப் பக்கம் தள்ளினாலும் சாய்ந்து, ஆடி, மறுபடியும் நிமிர்ந்து நிற்கும். அதற்குள் சாவி இல்லை. பல்சக்கரம் இல்லை. பேட்டரி இல்லை. ஆகவே கெட்டுப் போவதற்கும் அதில் ஒன்றும் இல்லை.

குறைந்த சாமான், குறைந்த விலை, நீண்ட உழைப்பு. இதுதான் அந்தப் பொம்மையின் இரகசியம்.

இதே இரகசியத்தைக் கைக்கொண்டு உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் ஆட வைத்தார் ஒரு ஜப்பானியர். அவர் உருவாக்கிய 'கேம் பாய்' என்னும் கையடக்க வீடியோ விளையாட்டுப் பெட்டி, பின்னால் வந்த வண்ணப் பெட்டியையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல் விற்பனை ஆயிற்று. அது வந்து 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் பழைய பெட்டிகளைத் துடைத்து, பற்றவைத்து, மறுபடியும் ஓட வைக்கிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அந்த ஜப்பானியரின் பெயர் குன்பெய் யோக்கோய். அவர் பெரிய விஞ்ஞானியாக வேலைக்கு வந்தவர் அல்ல. எந்திரம் பழுது பார்க்கும் மெக்கானிக்காக வந்தவர்!

சீட்டு அச்சிடும் எந்திரம்

தஞ்சாவூரைப் போலவே கியோட்டோவும் ஒரு பழைய தலைநகரம். கோவில்களுக்கும் கைத்தொழிலுக்கும் பேர் போனது. அங்கே 1941-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி யோக்கோய் பிறந்தார். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துப் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது. ஆனால் பெரிய மின்சாரக் கம்பெனிகளில் இடம் கிடைக்கவில்லை. 1965-ம் ஆண்டு உள்ளூரில் இருந்த 'நின்டெண்டோ' என்ற கம்பெனியில் சேர்ந்தார்.

அப்போது நின்டெண்டோ, சீட்டாடுவதற்கான சீட்டுக்கட்டுகள் செய்யும் கம்பெனி. 1889-ம் ஆண்டு தொடங்கியது. பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுகளுக்கு அது பேர் பெற்றிருந்தது. அந்தச் சீட்டுகளைச் செய்யும் எந்திரங்கள் நிற்காமல் பார்த்துக் கொள்வதுதான் யோக்கோயின் வேலை.

எந்திரங்கள் ஒழுங்காக ஓடிக் கொண்டிருந்தால் மெக்கானிக்குக்கு வேலை ஏது? ஓய்வு நேரத்தில் யோக்கோய் சும்மா இருக்கவில்லை. குறுக்குச் சட்டங்களைக் கோத்து ஒரு கை செய்தார். கைப்பிடிகளைச் சேர்த்து அழுத்தினால் கை நீளும். தூரத்தில் கிடக்கும் பொருளைப் பிடிக்கும். விரித்தால் சுருங்கும்.

ஒரு நாள் கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தார். மகா கண்டிப்பானவர். மெக்கானிக்கின் கையில் விளையாட்டுச் சாமான் இருந்ததைக் கண்டார். பிறகு அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

வேலை போயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ வேறு. அந்தக் கையையே விற்பனைக்கு ஏற்றபடி செய்து தரும்படி தலைவர் உத்தரவிட்டார்!

1966-ம் ஆண்டு அது 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மெக்கானிக் அன்றிலிருந்து பொம்மைக்காரர் ஆனார்.

ரெயிலில் கண்ட காட்சி

1970-களின் கடைசியில் ஒரு நாள் யோக்கோய் அதிவேக ரெயிலில் போய்க் கொண்டிருந்தார். எதிரே ஒரு பயணி. பொழுது போகாமல் சின்னக் கணக்குப் பொறியின் பித்தான்களை அழுத்தி விளையாடிக் கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் யோக்கோய்க்கு ஒரு யோசனை பிறந்தது. பெரியவர்கள் கூட, பிறர் கண்ணில் படாமல், கைக்குள் வைத்து விளையாட ஒரு சின்னப் பெட்டி செய்தால் என்ன?

கொஞ்ச நாளில் ஒரு வாய்ப்பும் வந்தது. தலைவரின் கார் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. அன்று காரை ஓட்டும் பொறுப்பு யோக்கோயிடம் வந்தது. ஓட்டிக் கொண்டே தமது யோசனையைச் சொன்னார். தலைவர் அதை மறக்கவில்லை. கணக்குப் பொறி செய்யும் 'ஷார்ப்' கம்பெனியுடன் பேச்சு நடந்தது.

ஷார்ப்பும் காசியோவும் போட்டி போட்டுக் கணக்குப் பொறிகளைச் செய்து குவித்திருந்த நேரம் அது. அவற்றில் உள்ள திரவப் படிகத் திரையின் விலை மிகவும் இறங்கியிருந்தது. அந்த மலிவான திரையைக் கொண்டே 1980-ம் ஆண்டு 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. விளையாட்டும் கடிகாரமும் ஒன்றாக இருந்தன. மொத்தம் 4 கோடிக்கு மேல் விற்றது.

1982-ம் ஆண்டு வந்த ஒரு பெட்டியில், மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு பக்கமும் அழுத்தக் கூடிய சிலுவை வடிவப் பித்தானை யோக்கோய் வைத்தார். இன்று விளையாட்டு எந்திரங்களின் கைப்பிடிகளில் இடது பக்கம் இருக்கும் பித்தான் அதன் வழி வந்ததே.

பழகிய மாடு

யோக்கோய் தமது தொழிலுக்கு ஒரு கொள்கை வைத்திருந்தார். புத்தம் புதிய தொழில் நுட்பத்தின் பின்னால் ஓடக் கூடாது. எல்லோரும் பயன்படுத்தி, விலை இறங்கி, வாடிப் போனது என்று ஒதுக்கிய தொழில் நுட்பத்தை எடுத்து, யாரும் நினையாத வேறொரு வேலைக்குத் திருப்ப வேண்டும்.

காவிரிக் கரை உழவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழகிய மாட்டின் குணம் உழவனுக்குத் தெரியும். எங்கே நிற்கும், எப்போது முரண்டு பிடிக்கும் என்பதும் தெரியும். பழைய தொழில் நுட்பமும் அப்படித்தான். அது எங்கே கெடும், அதை எப்படிச் சரி செய்வது என்பதெல்லாம் முன்பே தெரிந்த சங்கதி. எந்திரம் பழுது பார்த்த கை அல்லவா? அதற்கு இந்த உண்மை புரிந்திருந்தது.

1989-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி கேம் பாய் வெளிவந்தது. யோக்கோயின் தலைமையில் சடோரு ஒகாடா முதலிய பொறியாளர்கள் உழைத்துச் செய்தது. திரையில் வண்ணம் இல்லை. பாசிப் பச்சையில் மங்கலான படம். உள்ளே விளக்கும் இல்லை.

போட்டிக் கம்பெனிகள் வண்ணத் திரையுடன் வந்தன. 'அட்டாரி லிங்க்ஸ்', 'கேம் கியர்' என்று அவற்றுக்குப் பெயர். பார்க்க அழகு. ஆனால் ஆறு பேட்டரிக் கட்டை போட்டால் நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நாலே கட்டை. பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. விலையும் குறைவு. பிள்ளைகளைப் பெற்றவர்கள் எதை வாங்குவார்கள்?

1990-91 வளைகுடாப் போரின் போது குண்டு வீச்சில் ஒரு கேம் பாய் தீய்ந்து போனது. மேல் ஓடு உருகிக் கருகிவிட்டது. ஆனால் கேசட்டைச் செருகியதும் ஓடியது! நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் அதைப் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

பரணில் கிடக்கும் பெட்டி

வெளிநாடு போனவர்கள் வாங்கி வந்த கேம் பாய் பரணில் கிடந்தால் அதைக் குப்பையில் போட வேண்டாம். அதற்கு வரும் நோய்கள் சிலவே.

முதல் நோய், பேட்டரிக் கசிவு. கட்டையை உள்ளேயே விட்டிருந்தால் அது கசிந்து, கம்பிச் சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். கட்டையை எடுத்துவிட்டு, வினிகரில் நனைத்த பஞ்சினால் துடைக்க வேண்டும். எலுமிச்சம்பழச் சாறும் உதவும். பிறகு ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலர விட வேண்டும். சும்மா இருக்கும் பெட்டியில் கட்டையை விட்டு வைக்கவே கூடாது.

இரண்டாவது, கேசட் அழுக்கு. பெட்டியைப் போட்டதும் திரையில் கம்பெனியின் பெயர் மேலிருந்து இறங்கி வரும். பெயருக்குப் பதில் கறுப்புக் கட்டம் வந்தால், கேசட்டின் உலோகப் பற்கள் சரியாகத் தொடவில்லை என்று பொருள். பிள்ளைகள் உடனே வாயால் ஊதுவார்கள். அது தவறு. எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரமே போதாதா? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பற்களைத் துடைத்து, உலர்ந்த பின் செருக வேண்டும்.

மூன்றாவது, திரையில் நெட்டுக்கோடுகள். திரையின் அடியில் உள்ள மெல்லிய பட்டையின் ஒட்டு விட்டுப் போவதால் வருவது. ஈயம் பற்றவைக்கும் கோலால் அந்த ஒட்டைப் பதமாகச் சூடு காட்டினால் கோடு மறைவதுண்டு. சூடு மிஞ்சினால் திரை போய்விடும். கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

நாலாவது, மறதி. சில கேசட்டுகளுக்குள் காசு போன்ற ஒரு பேட்டரி இருக்கும். விட்ட இடத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். பல ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். புதியதைப் பற்றவைத்தால் நினைவு திரும்பும். ஆனால் பழைய கணக்கு அழிந்து போகும்.

சறுக்கலும் முடிவும்

பழகிய வழியை விட்டு யோக்கோய் ஒரு முறை விலகினார். கண்ணருகே வைத்துப் பார்த்தால் உருவங்கள் முன்னும் பின்னுமாகத் தெரியும் 'வெர்ச்சுவல் பாய்' என்ற எந்திரத்தை 1995-ம் ஆண்டு கொண்டு வந்தார். படம் முழுவதும் சிவப்பு. கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று ஜனங்கள் குறை சொன்னார்கள். எட்டு லட்சம் கூட விற்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் உற்பத்தி நின்றது.

அடுத்த ஆண்டு கேம் பாயைச் சிறியதாக்கி 'கேம் பாய் பாக்கெட்' என்று செய்து கொடுத்தார். 31 ஆண்டு உழைத்த கம்பெனியை விட்டு 1996 ஆகஸ்டில் வெளியேறினார். சொந்தத்தில் 'கோட்டோ' என்ற சிறு கம்பெனி தொடங்கினார். மறுபடியும் தமது பழைய வழிக்கே திரும்பினார். வண்ணம் இல்லாத திரையுடன், ஒரே ஒரு பேட்டரிக் கட்டையில் ஓடும் பெட்டிக்குத் திட்டம் போட்டார்.

1997-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி. யோக்கோய் பயணம் செய்த கார், விரைவுச் சாலையில் முன்னே சென்ற லாரி மீது மோதியது. காருக்கு என்ன சேதம் என்று பார்க்க அவர் கீழே இறங்கினார். பின்னால் வந்த வேறொரு கார் அவர் மீது மோதியது. அன்றே உயிர் நீத்தார். வயது 56.

அவர் திட்டமிட்ட பெட்டி, 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் 1999-ம் ஆண்டு வெளிவந்தது. அதில் ஒரு விளையாட்டுக்கு அவர் நினைவாக 'குன்பெய்' என்றே பெயர் வைத்தார்கள்.

அவர் செய்த பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன. பரணில் இருந்து எடுத்துத் துடைத்து, நாலு கட்டை போட்டு, கேசட்டைச் செருகினால் போதும். பெயர் மெல்ல இறங்கி வந்து நடுவில் நிற்கும். 'டிங்' என்று மணி ஒலிக்கும். சீட்டு எந்திரம் நிற்காமல் பார்த்துக் கொண்ட அந்த மெக்கானிக்கின் வேலை இன்னும் நின்றபாடில்லை.