பாரடே கண்ட சிற்றலைகள்

மைக்கேல் பாரடே என்றதும் மின்னியற்றியே நம் நினைவில் முந்தி நிற்கிறது. மின்காந்தத் தூண்டலை அவர் கண்டறிந்த 1831-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த அவரது மற்றோர் ஆய்வை நாம் மறந்துவிடுகிறோம்.

1791-இல் கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் பாரடே. இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பயின்றபோது, கட்ட வந்த நூல்களே அவருக்குக் கல்லூரியாயின. 1813-இல் டேவியின் ஆய்வுக்கூட உதவியாளரானார்.

அதிரும் தட்டின்மீது நீர், பால், முட்டை வெண்கரு, பாதரசம் ஆகியவற்றைப் பரப்பி அவர் நோக்கினார். என்னே அவர் பொறுமை! மேற்பரப்பில் ஒழுங்கான சிற்றலைகள் எழுந்தன. தட்டு இருமுறை அதிர, அலை ஒருமுறையே எழுந்து தாழ்ந்தது. 1867-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே மத்தீசன் என்னும் செர்மானிய அறிஞர் இம்முடிவுக்கு மாறாக எழுதினார். மறைந்தவர் எவ்வாறு மறுமொழி கூறுவார்? ராலே பிரபு 1883-இல் மீண்டும் சோதித்து, பாரடே கண்டதே சரியென நிறுவினார்.

அதிர்வு செவிக்கெட்டாத மீயொலியாக உயர்ந்தால் அச்சிற்றலைகள் மிக நுண்ணியவாகின்றன; வீச்சு மிகும்போது முகடுகள் நீண்டு, அறுந்து, துளிகளாய்த் தெறிக்கின்றன. அமெரிக்காவில் உட்டும் லூமிசும் 1927-இல் மீயொலியால் எண்ணெயினின்று மூடுபனி எழக் கண்டனர். துளியின் விட்டம் அலைநீளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு என்பதை 1962-இல் லாங் அளந்துரைத்தார். நொடிக்கு 17 இலட்சம் அதிர்வெனில், நீர்த்துளியின் விட்டம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கேயாகும். மூச்சிரைப்பால் வருந்துவோர் நுரையீரலுக்குள் மருந்தைப் பனியாய்ச் செலுத்தும் கருவிகள் சில இம்முறையிலேயே இயங்குகின்றன.

நைட் பட்டத்தையும் அரச கழகத் தலைமையையும் வேண்டாவென மறுத்த பாரடேயின் பெயரையே, அறிவியலார் இன்று அச்சிற்றலைகளுக்குச் சூட்டி வழங்குகின்றனர்.