சாச்செல் பேஜ்

அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் ஆட்டங்களுள் பேஸ்பால் ஒன்று. அதில் பந்தெறிபவரே அணிக்கு உயிர் போன்றவர். ஆட்டத்தைத் தொடங்கியவரின் கை சோர்ந்தாலும், எதிரணியின் கை ஓங்கினாலும், வேறொருவர் இடையில் வந்து பந்தெறிவார். இடுக்கண் வந்துற்ற வேளையில் தோள் கொடுக்கும் அப்பணி எளிதன்று. நாற்பத்தைந்து வயதைக் கடந்த பின்னும் அதில் சிறந்து விளங்கிய பெருமை சாச்செல் பேஜ் என்பவருக்கு உண்டு.

இவர் 1906ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள், அலபாமா மாநிலத்து மொபீல் நகரில், ஏழை நீக்ரோக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லீராய். தாயார் பிறர் ஆடைகளை வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். சிறுவன் லீராய் இரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்து காசு ஈட்டினான். பையைக் குறிக்கும் சாச்செல் என்னும் சொல்லே பின்னர் அவனுக்குப் பெயராயிற்று என்பர். பன்னிரண்டாம் வயதில் திருட்டுக் குற்றத்திற்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். தண்டனையாக வந்த அவ்வாழ்வே அவனுக்கு நல்வழி காட்டியது. பந்தெறியும் கலையை அவன் அங்கேதான் முறையாகக் கற்றான்.

1926ஆம் ஆண்டு முதல் பேஜ் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டார். அவர் எறிந்த பந்து மின்னலென விரைந்தது, குறியும் தவறவில்லை. ஆயினும், கறுப்பினத்தாருக்கு அக்காலத்தில் பெருங்குழுக்களில் இடமில்லை. அவர்கள் தமக்கெனத் தனிக் குழுக்கள் அமைத்து ஆடினர். உணவு விடுதிகள் பலவும் அவர்களுக்குக் கதவடைத்தன. பேஜ் ஊர் ஊராகச் சென்று ஆடிப் புகழ் பெற்றார். 1938ஆம் ஆண்டு அவர் கை நோயுற்றது. இனி எறிய இயலாது என்றே பலரும் எண்ணினர். அவரோ மனம் தளரவில்லை. கை மெல்ல மெல்ல வலிமை பெற்றது. கான்சாஸ் நகர மொனார்க்ஸ் குழுவில் சேர்ந்து மீண்டும் வெற்றிகள் பல கண்டார்.

1947ஆம் ஆண்டு சாக்கி இராபின்சன் பெருங்குழுவில் இடம்பெற்றார், நிறத்தடை தகர்ந்தது. மறு ஆண்டு, தம் நாற்பத்திரண்டாம் பிறந்த நாளன்று, பேஜ் கிளீவ்லாந்து குழுவில் சேர்ந்தார். இது வெறும் விளம்பரமே எனச் சிலர் எள்ளினர். இரண்டே நாளில் அவர் ஆட்டத்தின் இடையே களம் புகுந்து, எதிரணிக்கு ஓர் ஓட்டமும் விடாது எறிந்தார். அவ்வாண்டில் அவர் பெற்ற வெற்றிகள் 6, தோல்வி 1. ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாள் இரவு அவர் ஆடியதைக் காண 78,000க்கும் மேற்பட்ட மக்கள் திரண்டனர். அக்குழு அவ்வாண்டின் உலகத் தொடரையும் வென்றது.

பின்னர் அவர் செயிண்ட் லூயிஸ் பிரவுன்ஸ் குழுவில் ஆடினார். தோல்வியே மிகுந்த அக்குழுவில், பெரும்பாலும் இடையில் வந்து பந்தெறிந்தே 1952இல் 12 ஆட்டங்களை வென்றார். மேலும் 10 ஆட்டங்களில் வெற்றி கைநழுவாமல் காத்தார். 1965ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், ஒரு நாள் மட்டும் மீண்டும் களம் இறங்கி, மூன்று சுற்றுகள் ஓட்டம் விடாது எறிந்து வியப்பூட்டினார்.

1971ஆம் ஆண்டு புகழ் மன்றம் அவரை ஏற்றது. கறுப்பினத்தாருக்கெனத் தனிப்பகுதி அமைக்க முதலில் எண்ணினர். மக்கள் கண்டித்தமையால் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. பேஜ் 1982ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் கை வன்மை மிக்கிருந்த இருபது ஆண்டுகளை நிறவேற்றுமை கவர்ந்துகொண்டது. அவ்விழப்பை எப்பரிசும் ஈடுசெய்யாது. எனினும், வாயில் திறக்கும் நாள் வரையில் அவர் தம் திறமையைத் துருவேற விடவில்லை. மாணவர்களே! திறமை உடையாரைப் பிறப்பு நோக்கி விலக்குதல் கொடிது; விலக்கப்பட்டும் முயற்சியை விடாமை பெரிது.