எருமைகள் கற்பித்த பாடம்

கோவை கணபதியில் வளர்ந்த எனக்குக் கோடை விடுமுறை என்றால் காங்கயம் பக்கத்தில் இருந்த அப்புச்சியின் கொறங்காடுதான். உண்டிவில்லுடன் கவுதாரிகளைத் துரத்தி அங்கே அலைந்திருக்கிறேன். இந்தியப் பறவையியலின் பேராசான் சலீம் அலியும் வேட்டைச் சிறுவனாகவே தொடங்கியவர் என்று பின்னாளில் படித்தபோது, அவர்மீது எனக்கு மதிப்பு குறையவில்லை, நெருக்கமே கூடியது.

1896 நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்த சலீம் அலி, இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். வேட்டைப் பிரியரான மாமன் தந்த சிறு துப்பாக்கியால் ஒருநாள் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அதன் செயலர் மில்லர்டு சிறுவனைக் கடிந்துகொள்ளவில்லை. பாடம் செய்து சேகரித்திருந்த பறவைகளைக் காட்டி விளக்கினார். அன்றே அவரது வாழ்க்கையின் திசை முடிவாயிற்று.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத அவர் பெர்லினில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். தூக்கணாங்குருவியை ஆராய்ந்தார். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். 1941-இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல் பல்லாயிரம் பேரைப் பறவை நோக்கர்களாக்கியது.

அவரது வாழ்வில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது ராஜஸ்தானின் பரத்பூர் ஏரி. அது மன்னரின் வாத்து வேட்டைக்காகவே கரை கட்டி, நீர் தேக்கிப் பேணப்பட்ட இடம். 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ பங்கேற்ற ஒரே நாள் வேட்டையில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் இதே முரண் உண்டு. குரௌஸ் என்னும் கவுதாரி இனப் பறவையைச் சுடுவதற்காகவே அங்கே புதர்களைப் பகுதி பகுதியாக எரித்து, இளந்தளிரும் முதிர்ந்த மறைவிடமும் அருகருகே இருக்குமாறு காக்கிறார்கள்.

விடுதலைக்குப் பிறகு பரத்பூர் ஏரியை வடித்து விளைநிலமாக்கும் கோரிக்கை எழுந்தபோது, சலீம் அலி பிரதமர் நேருவரை சென்று அதைக் காப்பாற்றினார். அது அவரது பெரும் வெற்றி. ஆனால், அங்கே கால்நடை மேய்ச்சலையும் நிறுத்த வேண்டும் என்று அவர் கருதினார். 1982-இல் தடை வந்தது. ஊர்மக்கள் எதிர்த்தனர், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

பிறகு நிகழ்ந்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை. எருமைகள் தின்றுவந்த நீர்ப்புல் கட்டுப்பாடின்றி மண்டி நீர்ப்பரப்பை மூடியது. நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது. சலீம் அலி வழிநடத்திய கழகமே 1980-இல் தொடங்கிய பத்தாண்டு ஆய்வுதான், மேய்ச்சல் தடை ஏரிக்குக் கேடாயிற்று என்று கண்டறிந்தது. ஆய்வு முடிவதற்கு முன்பே, 1987-இல் அவர் மறைந்துவிட்டார்.

இதனால் அவரது பெருமை குன்றிவிடவில்லை. தம் கருத்துக்கு எதிரான உண்மையையும் வெளிக்கொணரும் ஓர் ஆய்வை நடத்தியதே அறிவியலாளரின் பெருமை. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய விஜயன்தான், 1990-இல் கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பெயரால் அமைந்த பறவையியல் மையத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

ஆனைகட்டிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அப்புச்சியின் நினைவு வரும். கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப்புல் வளர்த்து, வெள்வேல மரங்களை நிழலுக்கு விட்டு, பட்டி பட்டியாக மாற்றி மாற்றி மாடுகளையும் ஆடுகளையும் மேயவிட்டவர் அவர். புல் முற்றினாலும் கெடும், ஒட்ட மேய்ந்தாலும் கெடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காட்டில்தான் கவுதாரிகள் முட்டையிட்டன.

கவுதாரி வேட்டையைச் சட்டம் தடுத்தது, அது சரியே. ஆனால், துப்பாக்கியைத் தடுப்பது மட்டும் நிலத்தைக் காக்காது. நீலகிரியின் புல்வெளிகளை வெற்று நிலம் என்று எண்ணிச் சீகை மரங்களை நட்டோம். இன்று அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். கொறங்காடுகளோ வீட்டுமனைகளாகி வருகின்றன. புல்வெளிக்கு விதி எழுதும் அரசு அலுவலர்கள், அங்கே ஆடு மாடு மேய்ப்பவரிடம் முதலில் கேட்கட்டும். பரத்பூரின் எருமைகள் கற்பித்த பாடத்தைக் கொங்கு மண்ணில் மறுபடியும் விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.