கவிழ்ந்த தோணி கற்பித்த பாடம்

மூன்று முறை உலகைச் சுற்றிய மாலுமி வில்லியம் டாம்பியர். 1651-ல் இங்கிலாந்தில் பிறந்தார்.

1688-ல் சில தோழர்களோடு நிக்கோபார் தீவில் கப்பலை விட்டு இறங்கினார். சிறு தோணியில் கடல் கடந்து சுமத்ரா போக எண்ணினார். ஏறியதுமே தோணி கவிழ்ந்தது! கரை அருகே இருந்ததால் பிழைத்தார்கள்.

உடனிருந்த சுமத்ராக்காரர்கள் தோணியின் இருபுறமும் கழி நீட்டிக் கட்டைகளைப் பிணைத்தார்கள். நடுக்கடலில் புயல் சீறியது. தோணி கவிழவில்லை, அனைவரும் கரை சேர்ந்தனர்.

1690-ல் டாம்பியர் சென்னை வந்தார். 1697-ல் வெளியான தம் நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றியும் எழுதினார். அலை ஏறினாலும் நீர் இடுக்கு வழியே வழிந்துவிடும், கட்டுமரம் மூழ்காது.

1715-ல் டாம்பியர் மறைந்தார்.

இன்று இராயபுரம் காசிமேட்டில் விசைப்படகுகள் நிற்கின்றன. எந்தப் படகானாலும் கேள்வி ஒன்றுதான்: சாய்ந்தால் நிமிருமா, நீர் புகுந்தால் மிதக்குமா? அதைக் கரையிலேயே பார்த்துவிட வேண்டும்!