வனம் வளர்த்த ஆசான்

ஆண்டுகள் பலவாக ஐந்திணை இலக்கணத்தை மாணாக்கர்க்குக் கற்பித்து வந்தவன் யான். திணைப்பெயர்கள் மரஞ் செடி கொடிகளின் வழி வந்த வரலாற்றை வகுப்புத்தோறும் விரித்துரைத்ததுண்டு. எனினும், ஒருநாள் மாணாக்கர் சிலரோடு குளக்கட்டு வழியே சென்றபோது, மருதத்தின் கருப்பொருள்களைப் பிழையின்றி ஒப்பிக்கவல்ல அவருள் ஒருவரேனும், எதிரே நிழல் விரித்து நின்ற மருதமரத்தை இன்னதென்று அறிந்திலர். குற்றம் அவர்களுடையதன்று, நான்கு சுவர்களுக்குள்ளேயே திணைகளைக் காட்ட முயன்ற என்னுடையதே. அவ்வேளை என் நினைவில் எழுந்தவர் ஜேர்மானியக் கல்வியாளர் பிரெடரிக் புறோபல். பாலர் கல்வியின் தந்தை என அவர் பெயரை நாம் அறிவோம். அக்கல்வி எந்த மண்ணில் வேரூன்றியது என்பதைப் பெரிதும் மறந்துவிட்டோம்.

1782 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், துரிங்கியா வனப் பகுதியிலுள்ள ஓபர்வைஸ்பாக் என்னுஞ் சிற்றூரிலே புறோபல் பிறந்தார். ஓராண்டு நிறையுமுன்னரே தாய் இறந்தார். தந்தையார் லூதரன் திருச்சபையின் குரு. திருப்பணிச் சுமையால் மகனைக் கவனிக்க ஓய்வில்லாதவர். மாற்றாந்தாயின் அன்பும் நிலைக்கவில்லை. கோயிலும் கட்டடங்களும் மதில்களும் சூழ்ந்த குருமனையைவிட்டு வெளியே உலாவவும் சிறுவனுக்கு அனுமதி இருந்ததில்லை. மேலே வானமும், அண்மையிலிருந்த தோட்டமுமே அவனுக்குத் துணையாயின.

பத்தாம் வயதில், தாய்மாமனார் அவனை ஸ்டாட்டில்ம் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். அங்கே கட்டுத் தளர்ந்தது. ஒத்த வயதுச் சிறுவரோடு ஓடியாடி, மலைக்காற்றை உண்டு, உடலும் உள்ளமும் தேறினான். கல்வியிலே பின்தங்கியவன் என்று எண்ணப்பட்ட பிள்ளை, திறந்த வெளியிலே மலர்ந்தமை கருதத்தக்கது.

1797 இல், பதினைந்து வயதினராய், வன அலுவலர் ஒருவரிடம் பயிலுநராய்ச் சேர்ந்தார். அவ்வலுவலர் காட்டை நன்கறிந்தவர். ஆனால் அறிந்ததை எடுத்துச் சொல்லும் ஆற்றலோ ஓய்வோ அவருக்கில்லை. எனவே இளைஞர் தாமே நூல்களைத் தேடிப் படித்தார். படித்ததை மரங்களிடஞ் சென்று ஒப்புநோக்கினார். இரண்டாண்டுகள் இவ்வாறு கழிந்தன. இலையமைப்பு, கிளைபிரியும் முறை, நிலத்தின் ஏற்றவிறக்கம் ஆகியவற்றை அளந்தும் ஆராய்ந்தும் கற்ற அக்காலம் அவர் சிந்தனைக்கு அடித்தளமாயிற்று. வித்திலிருந்து மரம் உள்ளிருந்தே வளர்வது போலக் குழந்தையும் உள்ளிருந்தே வளர்கின்றது. ஆசிரியன் அவ்வளர்ச்சிக்கு இடங்கொடுப்பவனேயன்றி அதனைச் செய்பவன் அல்லன் என்னுங் கருத்து அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. காடு மட்டும் போதாது, வினாவெழுப்பும் உள்ளமும் வேண்டும் என்பதற்கும் அவ்விரண்டாண்டுகளே சான்று.

பின்னர் யேனாப் பல்கலைக்கழகம் புகுந்தார். வறுமையாற் கடன்பட்டு அங்கே சிறைவாசமும் அனுபவித்தார். 1805 இல் கட்டடக்கலை பயில எண்ணி பிராங்போர்ட் நகரடைந்தவர், எதிர்பாராது ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே சுவிற்சர்லாந்து சென்று பெஸ்டலோசியின் பள்ளியைக் கண்டார். பின்னர்ச் செல்வர் குடும்பமொன்றின் மைந்தர் மூவர்க்கு ஆசிரியரானபோது, நகரை நீங்கி நாட்டுப்புறத்தில் வாழவைத்து, நிலத்துண்டொன்றில் அவர்கள் கையாலேயே பயிர்செய்யப் பழக்கினார். 1813 இல் நெப்போலியனுக்கு எதிரான போரிலே தொண்டர் படையிற் சேர்ந்தார். லாங்கெதால், மிடெண்டோர்வ் என்னும் இரு நண்பர்களை அங்கே பெற்றார். அவர்களே பின்னர் அவரது கல்விப்பணிக்கு இரு தோள்களாயினர்.

போருக்குப்பின் பேர்லினிற் கனிப்பொருட் காட்சிச்சாலையில் வாய்த்த பதவியைத் துறந்து, 1816 இல் தம் உடன்பிறந்தாரின் மைந்தர் ஐவரைக் கொண்டு பள்ளியொன்றைத் தொடங்கினார். மறுவருடம் அது மலையும் வனமுஞ் சூழ்ந்த கைல்ஹாவ் என்னுஞ் சிற்றூருக்கு மாற்றப்பட்டது. ஆங்கே மாணவர் காட்டிலே குடில் அமைத்தனர். ஓடைக்கு அணை கட்டினர். நெடுந்தூரம் நடந்து நிலவியல் கற்றனர். அணை உடைந்தால் நீரின் விசை விளங்கும். குடில் சாய்ந்தால் நிறையும் சமநிலையும் விளங்கும். ஒருவனால் தூக்கவியலா மரத்தை நால்வர் தூக்கும்போது கூட்டுறவு விளங்கும். இவற்றை வாய்ப்பாடமாகப் புகட்டுதல் எளிதன்று.

1826 இல் மனிதனின் கல்வி என்னும் பொருளமைந்த நூலை வெளியிட்டார். ஆயினும் பள்ளிக்கு இடையூறு வந்தது. அரசியற் கிளர்ச்சியை வளர்க்கும் இடமென ஐயுற்றனர். நேரிற் சென்று ஆராய்ந்த அதிகாரி நல்லறிக்கையே அளித்தார். எனினும் பெற்றோர் அச்சம் தணியவில்லை. ஐம்பதைக் கடந்திருந்த மாணவர் தொகை 1829 அளவில் விரல்விட்டு எண்ணத்தக்கதாய்க் குறைந்தது. அவரோ தளரவில்லை. சுவிற்சர்லாந்திற் சிலகாலம் பணியாற்றியபின், பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தைகளிடமே கல்வியைத் தொடங்கவேண்டும் எனத் துணிந்து, 1837 இல் பிளாங்கன்பேர்க்கிலே அப்பணியை மேற்கொண்டார்.

அந்நிலையத்துக்கு ஏற்ற பெயரொன்றை நெடுநாள் தேடினார். நண்பரோடு மலைப்பாதையில் நடந்து செல்லுகையிலேயே கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைத் தோட்டம், என்னும் பெயர் அவர்க்குத் தோன்றியது. 1840 யூன் 28 இல் அப்பெயர் பூண்டு நிலையம் நிறுவப்பட்டது. தோட்டம் என்பது வெறும் உருவகமன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாத்தி, யாவர்க்கும் பொதுவாய் அவற்றைச் சூழ்ந்த பாத்திகள் என மெய்யான தோட்டத்தையே அவர் வகுத்தார். தன் பாத்தியில் உரிமையும், பொதுப் பாத்தியிற் கடமையும் குழந்தை கற்றது.

1851 ஓகஸ்ட் 7 இல் பிரசிய அரசு இந்நிலையங்களைத் தடைசெய்தது. நாத்திகமும் பொதுவுடைமைவாதமும் பரப்பப்படுவதாகக் குற்றஞ்சாட்டினர். அவர் பெறாமகன் கார்ல் புறோபல் எழுதிய நூலை இவரோடு மயங்கக் கொண்டதும் அத்தடைக்குக் காரணமாயிற்று. முதியவர் முறையிட்டார்; பயனில்லை. 1852 யூன் 21 இல் மரியந்தால் என்னுமிடத்தில், எழுபதாண்டு நிறைந்த நிலையில், தடை நீங்கக் காணாமலே கண்மூடினார். தடை 1860 இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்னரே அவர்தம் மாணவியர் அக்கல்வியைப் பிறநாடுகளுக்குக் கொண்டு சென்றிருந்தனர்.

காலப்போக்கில் அவர் பெயர் எங்கும் பரவிற்று. தோட்டமோ பல இடங்களில் மறைந்து, மேசையும் எழுத்துப் பயிற்சியுமே எஞ்சின. 1950 களில் டென்மார்க்கிலும், பின்னர் 1993 இல் வட ஜேர்மனியின் பிளென்ஸ்பேர்க் நகரிலும் காட்டிலேயே நடைபெறும் பாலர் நிலையங்கள் தோன்றியமை, தொலைந்த வேரைத் தேடிய முயற்சியென்றே எனக்குத் தோன்றுகின்றது. மழையிலும் பனியிலும் குழந்தைகள் ஆங்கே மரத்தடியிற் கற்கின்றனர்.

மதிலுக்குள் வாடிய குழந்தையொன்று முதியவனானபின் பிற குழந்தைகளுக்காக மதிலைத் திறக்க முயன்ற கதையே புறோபலின் வாழ்வு. யான் இப்போது மருதத்திணையைத் தொடங்கும் நாளிலே மாணாக்கரைக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்கின்றேன். மரத்தின் பட்டையைத் தொட்டு, நீருள் இறங்கிய வேரைக் கண்ட பின்னரே ஏட்டை விரிக்கின்றோம். ஆசிரிய நண்பர்கள் தத்தம் ஊரில் நிற்கும் மரத்திலிருந்து தொடங்குவார்களாக.